அரைப்பேர்

"வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது?"
டொக்டர் சிங்களத்தில் கேட்டார்.
நான் தமிழில் கேட்டேன்.
தனபாக்கியக்கா கண் திறக்காமல் சொன்னார்:
"மொத நிறுவ முடிஞ்சி,
தேத்தண்ணி ஊத்த முன்ன."

எங்கள் மேல்கணக்கில் அதுதான் மணிக்கூடு.
பெரட்டு கலையும், தராசு வரும்,
பன்னிரண்டாம் நம்பர் மலையை மூடுபனி தொட்டால்
பள்ளிக்கூடம் விட்டாச்சு.
டொக்டருக்கு வேண்டியது ஓர் எண்.
அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஊசியாம்.

நான் ஓட்டோக்காரன்.
வாடகைக் கணக்கு மட்டும் தெரிந்தவன்.
அன்று தராசு பிந்தியதா,
கூடைக்கு எத்தனை கிலோ கழிப்பது என்று
கணக்கப்பிள்ளையோடு சண்டை நடந்ததா,
மனசுக்குள் மலையேறி இறங்கி
"ஒன்பதே முக்கால்" என்றேன்.
எழுதிக்கொண்டார்.
சுவரில் மணி ஒன்று பத்து.

வலி வந்த பிறகும்
ஒன்பது கிலோ பறித்திருக்கிறார்.
இடது கை மரத்துப்போக
வலது கையால் மட்டும்.
"வாய்வு" என்றாள் பக்கத்து நிரைக்காரி.
"நெஞ்சுவலி ஆம்பளைக்கில்ல வரும்" என்றார் கங்காணி,
கெட்ட எண்ணம் ஒன்றுமில்லாமல்.
லயத்தில் ஓமத்தண்ணி, பிறகு சோடா.
டிஸ்பென்சரியில் பூட்டு:
ஐயா செவ்வாயும் வெள்ளியும் வருவார்.
அன்று புதன்.

சிக்னல் கிடைப்பது மாடசாமி கோயில் மேட்டில்.
மகள் ரொஷாந்தி செருப்பில்லாமல் ஓடி
1990ஐ அழுத்தினாள்.
"பாலத்துக்கு மேல வண்டி ஏறாது.
கீழ கொண்டு வாங்க.
ஒரு அடிகூட நடக்க விடாதீங்க."

நாலு பேர் படங்குச் சாக்கில் தூக்கி
என் பின்சீட்டில் சாய்த்தார்கள்.
பாலம் வரை இருபத்தொன்பது வளைவு.
ஒவ்வொரு குழிக்கும் மன்னிப்புக் கேட்டேன்,
அக்காவிடமா குழியிடமா, தெரியாது.

இதே வழியில்தான் அந்தோணிராசு அண்ணனைக்
கொழுந்து லொறியில் இறக்கினோம், இரண்டு வருசம் முன்பு.
நிறுவை முடியட்டும் என்று லொறி நின்றது,
கொழுந்து வாடிவிடும் என்று பிறகு விரைந்தது.
பாலத்தைத் தாண்டியபோது
விரைய ஒன்றும் இருக்கவில்லை.

இந்த முறை பாலத்தில் வண்டி நின்றது.
மீசை அரும்பிய பையன் ஒருவன்
மாத்திரையை அக்காவின் வாயில் வைத்து
"முழுங்காதீங்கம்மா, மெல்லுங்க" என்றான்.
இன்னும் ஐந்து நிமிடம் கழித்தும்
அக்கா மென்றுகொண்டே இருந்தார்.

ஈசிஜி தாள் எனக்கு வெறும் கிறுக்கல்.
டொக்டர் அதைப் படமெடுத்துக் கண்டிக்கு அனுப்பி
யாரிடமோ பேசிவிட்டு வந்தார்.
"கண்டிக்கு மூன்று மணித்தியாலம்.
கினிகத்தேனையில் மண் சரிந்திருக்கு.
ஊசியை இங்கேயே போடுவோம்.
அடைப்புக் கரையும். நூற்றில் ஒருவருக்கு
மூளையில் இரத்தம் கசியலாம். சம்மதமா?"

அதையும் நான்தான் சொல்லவேண்டியிருந்தது.
'மூளை' வரை வந்தேன்.
அதற்கு மேல் நாக்கு எழும்பவில்லை.
"நம்ம லயத்துக் கூரை மாதிரி, அக்கா.
எப்பவாச்சும்."
அக்கா தலையசைத்தார்.
ஒழுகும் வீட்டில் நாற்பத்தாறு வருசம்
படுத்தெழும்பியவர்.

ஒன்று இருபத்தைந்துக்கு ஊசி.

பதினோராம் நாள்
என் ஓட்டோவிலேயே மேலே வந்தார்.
மடியில் மருந்துப் பை, கிளினிக் கொப்பி.
அட்டையில் முழுப்பேர்,
கருப்பண்ணன் தனபாக்கியம்,
பிழையில்லாமல்.

மாதாபடத்துக்குப் பின்னால் இப்போது
நானும் ஒரு மாத்திரை அட்டை செருகியிருக்கிறேன்.
தலைவலிக்குக் கேட்கிறார்கள்.
கொடுப்பதில்லை.

பதினேழாம் வளைவில் அக்கா கேட்டார்:
"அன்னைக்குப் பேரு போட்டாங்களா?"
"அரைப்பேருதான். கிலோ பத்தலையாம்."
கொஞ்ச தூரம் பேச்சில்லை.
"வலியோட பறிச்சேனே, அந்த ஒம்பது கிலோ.
அதச் சேத்துமா?"

இரண்டாம் கியருக்கு மாற்றினேன்.
ஏற்றம்.